கழுதைப்புலிக்கு யார் குரல்?

(கடையநல்லூரில் இளைஞர்களுக்கான வாசிப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பும் சினிமாவும் என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டார்கள். நான் சிங்கப் படம் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஏற்பாடு செய்த தோழருக்கு முகம் கொஞ்சம் மாறியது. "அக்கா, அது சின்னப் பிள்ளைங்க படம்லா?" என்றார். ஆமாம், அதனால்தான். பெரியவர்கள் படத்தைப் பற்றிப் பேச நம்மிடம் நிறைய ஆள் இருக்கிறார்கள். ஒரு பெரிய நடிகரின் படம் வந்தால் அன்று இரவே நாற்பது விமர்சனம் வந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கிறது, எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்பதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் போன கோடை விடுமுறையில் 'தி லயன் கிங்' படத்தைத் தமிழில் போட்டோம். 2019-ல் வந்தது, கணினியில் நிஜ மிருகம் மாதிரியே செய்தது. சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் ப்ரொஜெக்டரில் ஓட்டினோம். நளா என்ற பெண் சிங்கம் வளர்ந்து பேச ஆரம்பித்ததும் ஒரு பிள்ளை கத்தினாள்: "ஏ, இது 'கனா' படத்து அக்கா!" சரியாகத்தான் கண்டுபிடித்தாள். ஐஸ்வர்யா ராஜேஷ்தான். முகமே தெரியாமல் குரலை வைத்துக் கண்டுபிடித்தாளே, அந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பேச்சு தொடங்கியது.

படம் முடிந்ததும் பிள்ளைகள் அதை நடிக்க ஆரம்பித்தார்கள். சிம்பாவுக்கு ஆறு பேர் சண்டை. நளாவுக்கு நான்கு பேர். பும்பா என்ற பன்றிக்குக்கூட ஆள் கிடைத்தது, ஏனென்றால் அது சிரிக்க வைக்கும். கழுதைப்புலிக்கு மட்டும் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, ஒரு பையன் கழுதைப்புலி ஆகியிருந்தான். நல்ல கறுப்பு. எங்கள் படிப்பகத்துக்கு வருகிறவர்களிலேயே கடைசித் தெருப் பிள்ளை. அவனும் மறுக்கவில்லை. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். படிப்பகச் சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் இது நடந்தது.

முதலில் நளாவுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் நளாவுக்குக் குரல் கொடுத்தவர் பியான்சே. உலகம் முழுக்கத் தெரிந்த கறுப்பினப் பாடகி. தமிழில் யாரைப் போடுவது என்று வந்தபோது ஐஸ்வர்யா ராஜேஷைப் போட்டார்கள். பட்டியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: சிம்பாவுக்கு சித்தார்த், வில்லன் சிங்கம் ஸ்காருக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி, ராஜாவிடம் வேலை செய்யும் பறவைக்கு மனோபாலா. ரோபோ சங்கரும் மனோபாலாவும் இன்று நம்மோடு இல்லை.

ஐஸ்வர்யா ராஜேஷைப் போட்டதில் என்ன இருக்கிறது? ஒரு டெட்எக்ஸ் மேடையில் அவர் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். சென்னையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வளர்ந்தது, சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தது, நிறத்தைச் சொல்லித் தன்னை ஒதுக்கியது, நாயகி ஆகிற முகம் இல்லை என்று சொன்னது, எல்லாம் அதில் வரும். 2012-ல் ரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில் வந்தார். 'காக்கா முட்டை'யில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடித்தார். அந்த வயதில் நாயகி ஆக ஆசைப்படும் யாரும் தொடத் தயங்கும் வேடம். குப்பத்துப் பிள்ளைகளின் அம்மாவாக நடித்தவர் சில வருடம் கழித்து டிஸ்னி படத்தில் பெண் சிங்கத்துக்குக் குரல் கொடுக்கிறார். எனக்கு இது சந்தோஷம். சந்தோஷப்பட வேண்டிய விஷயத்தைச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். நம் ஆட்களுக்கு இந்தப் பழக்கம் குறைவு.

ஏன் சந்தோஷம் என்றால், தமிழ் சினிமா ரொம்ப காலமாக இதற்கு நேர்மாறாகச் செய்துவந்தது. நாயகியின் தோல் வெளியூரிலிருந்து வரும். குரல் மட்டும் இங்கே இருட்டறையில் நின்று பேசும் வேறொரு பெண்ணுடையது. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலா பேசுவதாக நீங்கள் கேட்பது நடிகை ரோகிணியின் குரல். சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பல படங்களில் பேசியவர் சவிதா ரெட்டி. '96' படத்தில் த்ரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. நான் டப்பிங் கலைஞர்களைக் குறை சொல்லவில்லை. அது கடுமையான வேலை. அடுத்தவர் உதட்டுக்குள் தன் மூச்சைப் பொருத்த வேண்டும். நான் கேட்பது வேறு: வெள்ளைத் தோல்தான் வேண்டும், அது தமிழ் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு தொழில் முழுவதும் முடிவெடுத்ததே, அந்த முடிவை யார் எடுத்தது? தமிழ் பேசும் கறுத்த பெண்கள் இத்தனை கோடிப் பேர் இருக்கும் நாட்டில்?

அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கறுத்த தமிழ் நடிகையின் பெயரைச் சொல்லி ஒரு குடும்பப் படத்தை விற்க முடிகிறது என்றால் அது மாற்றம்தான். ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்று, நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஐஸ்வர்யா ராஜேஷ் தெலுங்குத் திரைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நடிகர், தாத்தா நடிகர். கறுப்பாக இருப்பதால் அவர் பட்ட அவமானம் உண்மை. அதற்காக அவரை நம் சாதிப் போராட்டத்தின் சின்னமாகத் தூக்கி வைத்தால் அது நம் சோம்பேறித்தனம். இரண்டு, கறுத்த பெண்ணுக்கு இளவரசி வேடம் கிடைத்தது உடம்பே தெரியாத படத்தில். இதை நினைத்துச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, உடம்பு மறைந்துவிட்டது. தோல் இல்லை, நிறம் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. அப்படியானால் சாதியும் போய்விட்டதா?

நீல நரிக் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சதந்திரக் கதை. சாயத்தொட்டியில் விழுந்து நீலமாகிய நரியைப் பார்த்துக் காட்டு விலங்குகள் எல்லாம் பயந்து ராஜாவாக்குகின்றன. ஒரு நாள் தூரத்தில் மற்ற நரிகள் ஊளையிட, இதுவும் தன்னை மறந்து ஊளையிட, குட்டு உடைந்து அடித்துக் கொல்கிறார்கள். புலித்தோல் போர்த்த கழுதைக் கதையும் இதே மாதிரிதான். கத்தியது, செத்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் எத்தனை தலைமுறையாகச் சொல்லி வருகிற மிருகக் கதை இது! தோலை மாற்றிக்கொள்ளலாம், குரல் உன் பிறப்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்கிறது. அதோடு நிற்கவில்லை, காட்டிக்கொடுத்தபின் உன்னைக் கொல்வது நியாயம் என்றும் சொல்கிறது. அந்த நரி ராஜாவாக இருந்தபோது நல்லபடி ஆண்டதா இல்லையா என்று எந்தக் குழந்தையாவது கேட்டால், அதைக் கதைக்கு வெளியே உள்ள கேள்வியாக ஒதுக்கிவிடுகிறோம். அதென்னவோ, சாயமும் நீலமாகப் போய்விட்டது.

இங்கிருந்து அதிக தூரம் இல்லை மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். டெல்லியிலிருந்து வாஜ்பாய் வரைக்கும் தலைவர்கள் வந்து போனார்கள். வளைகுடாப் பணம் என்றார்கள், ஆசை காட்டி மாற்றினார்கள் என்றார்கள். தீண்டாமை பொறுக்காமல் மாறினோம் என்று அந்த மக்களே சொன்னது பலர் காதில் ஏறவில்லை. பெயரை மாற்றினாலும் இவன் இன்னார்தான், என்றைக்காவது சாயம் வெளுக்கும் என்று காத்திருந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். நீல நரிக் கதை பள்ளிக்கூடத்தோடு முடிகிற கதை இல்லை.

குரல் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. சின்னதுதான். பல வருடத்துக்கு முன்னால் ஒரு வானொலியில் குரல் தேர்வுக்குப் போனேன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. வாசித்துக் காட்டினேன். "குரல் நல்லா இருக்கும்மா. பேச்சுதான் ஊர் வாடை அடிக்குது. நியூட்ரலா பேசிப் பழகிட்டு வாங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, யாருகிட்ட பேசுத?" என்று கேட்டாள். அம்மாவுக்கு என் பேச்சு என் பேச்சாகவே படவில்லை. இரண்டாம் தடவை நான் போகவில்லை.

அந்த நியூட்ரல் தமிழ் யார் வீட்டு அடுப்படியில் பேசப்படுகிறது என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. நம் ஊரில் ஒருவர் அம்மாவின் தம்பியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், சோற்றை எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்தே எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கிற ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள். "நீங்க அந்தப் பக்கமா?" என்பார்கள். உடம்பை எடுத்துவிட்டால் சாதி போய்விடும் என்பது அவர்களைத் தெரியாதவர்கள் சொல்வது.

இப்போது கழுதைப்புலிக்கு வருவோம். பட்டியலில் நான் சொன்ன பெயர்களைக் கேட்டீர்கள். கதாநாயகனுக்குச் சிங்கம், காமெடி நடிகருக்குப் பன்றி. சரி, தமிழில் கழுதைப்புலிகளுக்குப் பேசியவர்கள் யார்? இங்கே யாருக்காவது தெரியுமா? (அரங்கில் அமைதி.) ஆங்கிலத்தில் 1994-ல் வந்த முதல் படத்தில் கழுதைப்புலிக் கூட்டத்தின் தலைவி ஷென்சிக்குக் குரல் கொடுத்தவர் வூப்பி கோல்ட்பெர்க். அப்போதே பெரிய நட்சத்திரம், ஆஸ்கர் வாங்கியவர், கறுப்பினப் பெண். கூட இருந்த இன்னொரு கழுதைப்புலிக்கு சீச் மரின், மெக்சிகோ வம்சாவளி. நகரத்து ஏழைப் பகுதிகளின் பேச்சு வாடையைக் கொண்டுபோய் கழுதைப்புலிக்கு வைத்துவிட்டார்கள் என்று அமெரிக்காவிலேயே அன்று கண்டனம் எழுந்தது. இதற்குப் பதில் சொல்கிறவர்கள், ராஜா முஃபாசாவுக்குப் பேசிய ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் கறுப்பினத்தவர்தானே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டுப் பாருங்கள், ஜோன்ஸ் பேசுவது அரண்மனை ஆங்கிலம். யார் பேசினார் என்பதோடு, எந்தப் பேச்சு எந்த மிருகத்துக்குப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய நடிகையைப் போட்டதால் ஷென்சியின் இடம் உயரவில்லை. எல்லைக்கு வெளியே எலும்புக் காட்டில்தான் கிடந்தாள்.

அந்த எல்லையை மறந்துவிடாதீர்கள். படத்தில் அப்பா சிங்கம் மகனை மலை மேல் கூட்டிப்போய், வெயில் விழும் நிலம் எல்லாம் நம்முடையது, அதோ நிழலாகத் தெரியும் இடத்துக்குப் போகக்கூடாது என்கிறது. ஊரும் சேரியும் இதைவிடத் தெளிவாக வரைய முடியாது. பிறகு, மான் புல்லைத் தின்கிறது, நாம் மானைத் தின்கிறோம், நாம் செத்தால் புல்லாகிறோம், எல்லாம் ஒரு வட்டம் என்று விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஊருக்கு எல்லோரும் வேண்டும், அவரவர் இடத்தில் இருந்தால் ஊர் நல்லா இருக்கும் என்று நம் தாத்தாக்களுக்குச் சொன்னது இதேதான். அந்த வட்டத்துக்குள் கழுதைப்புலிக்கு இடம் எங்கே? வில்லன் ஸ்கார் அவற்றை உள்ளே விட்டதும் நிலம் வறண்டுபோகிறது. இளவரசன் திரும்பி வந்து துரத்தியதும் மழை பெய்கிறது. இவர்கள் உள்ளே வந்தால் மழை பொய்க்கும் என்பதை இத்தனை கோடி செலவில் எடுத்திருக்கிறார்கள்.

அன்று கழுதைப்புலி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 'கனா' அக்காவைக் கண்டுபிடித்த அதே பிள்ளைதான் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, அதுகளுக்கும் பசிக்கும்லா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தேன். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1960-களில் தான்சானியாவில் வருடக்கணக்கில் தங்கி, இரவில் கழுதைப்புலிகளின் பின்னாலேயே போய்ப் பார்த்து 1972-ல் புத்தகம் போட்டார். புள்ளிக் கழுதைப்புலி தான் தின்பதில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடித் தின்கிறது. ங்கோரோங்கோரோ பள்ளத்தாக்கில், அது இரவில் கொன்ற இரையைச் சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்வதைத்தான் அவர் பார்த்தார். காலையில் பார்க்கிறவர்களுக்குச் சிங்கம் தின்றுகொண்டிருக்கும், கழுதைப்புலி சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். உடனே யார் திருடன் என்று முடிவு செய்துவிடுவார்கள். உழைத்தவன் வெளியே நிற்க, பிடுங்கியவன் ராஜாவாக உட்கார்ந்திருக்கும் காட்சி நமக்குப் புதிதா என்ன. கழுதைப்புலிக் கூட்டத்துக்குப் பெண்தான் தலைமை என்பதும் உண்மை. உடனே அதைத் தாய்வழிப் பொதுவுடைமை என்று கவிதை எழுதிவிடாதீர்கள், அதற்குள்ளும் அம்மா வழியாக வரும் மேல்கீழ் உண்டு. மிருகத்தைப் பார்த்து வாழக் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. மிருகத்தின் மேல் நாம் ஏற்றி வைத்த பொய்யை இறக்கி வைக்கத்தான் சொல்கிறேன்.

பன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பும்பா வயிற்றுக் காற்றை விட்டுச் சிரிக்க வைக்கிறது. மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், காட்டுப்பன்றி அவர்களுக்குச் சிரிப்பு இல்லை. நம் சினிமாவில் பன்றி என்ன ஆனது என்று பாருங்கள். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யில் ஊர் முன்னால் பன்றி பிடிக்க வேண்டிய ஒரு பையனின் அவமானம் ஆனது. 'சேத்துமான்' படத்தில் தின்பவன் ஒருவன், சாகிறவன் ஒருவன் என்று ஆனது. 'மாமன்னன்' படத்தில் ஒருவன் பன்றி வளர்க்கிறான், எதிரி நாய் வளர்க்கிறான். மாரி செல்வராஜ் நம் பக்கத்து ஆள்தான். அவருடைய 'பரியேறும் பெருமாள்' படத்தின் கருப்பிக்கு எந்த நடிகையும் குரல் கொடுக்கவில்லை. அது நாயாகவே குரைத்தது. தண்டவாளத்தில் கட்டிப் போட்டார்கள். 2008-ல் 'ரோட்சைடு ரோமியோ' என்று இந்தியில் ஒரு நாய்க் கார்ட்டூன் வந்தது, யஷ் ராஜும் டிஸ்னியும் சேர்ந்து எடுத்தது. நாயகி நாய்க்குக் கரீனா கபூர், நாயகன் நாய்க்கு சைஃப் அலி கான். தெருநாய்கள் படம் என்றுதான் பெயர். நாயகன் மட்டும் பங்களாவில் வளர்ந்து தெருவுக்கு வந்த நாய். தெருவில் பிறந்த நாய்க்குக் கதாநாயகன் ஆகத் தகுதி இல்லை போலிருக்கிறது! தேசிய விருதும் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சொன்னால், அப்போ பிள்ளைகளுக்கு என்னத்தைத்தான் காட்டுவது என்று கேட்பார்கள். காட்டுங்கள். தடை போடுகிற ஆள் நான் இல்லை. அந்தக் கம்பெனியே 2024 டிசம்பரில் 'முஃபாசா' என்று முன்கதை எடுத்தது. இயக்கியவர் பாரி ஜென்கின்ஸ், கறுப்பின இயக்குநர். அதில் முஃபாசா ராஜவம்சமே இல்லை, வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட அநாதைக் குட்டி. அரச ரத்தம் இருக்கிறவன்தான் பொறாமையில் கெட்டுப்போகிறான். தமிழில் முஃபாசாவுக்கு அர்ஜுன் தாஸ். முப்பது வருடம் ரத்தத்தின் பெருமை பாடியவர்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டி வந்திருக்கிறதே, கேள்வி கேட்டவர்களால்தான் வந்தது. முழுத் திருப்தி எனக்கு இல்லை. ஒரு அநாதை ராஜா ஆனான், ராஜா என்கிற இடம் அப்படியே இருக்கிறது.

நாங்கள் படிப்பகத்தில் இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறோம். ஏழெட்டு நிமிடக் காட்சியை எடுத்து, ஒலியை அணைத்துவிட்டு, பிள்ளைகளே நம் பேச்சில் பேசிப் பதிவு செய்கிறார்கள். வெளியே எங்கும் போடுவதற்கு இல்லை, எங்களுக்குள் கேட்க. சிங்கமும் "என்னல" என்றுதான் பேசும், கழுதைப்புலியும் அப்படியே பேசும். முதல் நாள் ராஜா சிங்கம் வாயைத் திறந்து நம் ஊர்ப் பேச்சுப் பேசியதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கள் வீட்டுப் பேச்சு ராஜா வாயிலிருந்து வந்தால் அவர்களுக்கே சிரிப்பாக இருக்கிறது. மூன்றாம் நாள் சிரிப்பு குறைந்தது. அந்தக் கடைசித் தெருப் பையன் இப்போது சிம்பாவுக்குப் பேசுகிறான். நாங்கள் சொல்லவில்லை, குரல் பார்த்துப் பிள்ளைகளே எடுத்த முடிவு. பசிக்கும்லா என்று கேட்டவள் ஷென்சி. வசனத்தையும் அவளே மாற்றிவிட்டாள், சிங்கத்திடம் கணக்குக் கேட்கிறாள்.

பதிவு செய்வதில்தான் சிக்கல். போனில் எடுத்தால் தெரு இரைச்சல் எல்லாம் விழுகிறது, பஸ் ஹாரன் சிங்கத்தைவிடச் சத்தமாக இருக்கிறது. நல்ல மைக் ஒன்று யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் கொண்டு வாருங்கள். பறவைக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ராஜாவுக்கு எடுபிடி வேலை செய்ய மாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.